தோள்பட்டையில் வலி, பித்தப்பையில் கல்

கேள்வி:

கம்பத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் குமுளி, கம்பம்மெட்டு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் பெண்கள். போன மாதம் நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு அக்கா, வலது முதுகுச் சப்பைக்குக் கீழே வலி என்று வந்தார். காய் எடுக்கிற வேலை, நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார், அதனால் வந்த தசைப்பிடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கரண்ட் வைத்தேன், ஒத்தடம் கொடுத்தேன், பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். அப்போதைக்குக் குறையும், மறுபடி வரும். மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சலும் வாந்தியுமாகக் கண் மஞ்சளாகிவிட்டது. தேனிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பார்த்ததில் பித்தப்பையில் கற்கள். அதில் ஒன்று பித்தக்குழாயில் இறங்கி அடைத்திருந்ததாம். எண்டோஸ்கோபி வழியாக அந்தக் கல்லை எடுத்துவிட்டார்கள். பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் அடுத்து நடக்கப் போகிறது. அவர் வீட்டுக்காரர் என்னிடம், “இத்தனை நாள் கை வச்சுப் பாத்தீங்களே தம்பி, ஒண்ணும் தெரியலையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இதெல்லாம் கல்லூரியில் படித்ததுதான். ஆனால் ஆள் எதிரில் வந்து உட்காரும்போது எப்படிக் கண்டுகொள்வது? நாம் டாக்டர் இல்லையே, எதுவரை கேட்கலாம்? ஆபரேஷன் முடிந்ததும் அந்த அக்கா திரும்ப என்னிடம்தான் வருவேன் என்கிறார். அப்போது என்ன செய்ய வேண்டும்? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அந்த அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் அதைத் தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டு எழுதியிருப்பது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அந்த அக்கா பிழைத்துக்கொண்டதில் அதைவிடப் பெரிய நிம்மதி. குளிர்காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது விலாவுக்குக் கீழே வலி, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக்குழாயில் சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 1877-லேயே ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லிவைத்தார். அதோடு ரத்த அழுத்தம் இறங்கி, ஆள் தடுமாறிப் பேச ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரர் அன்றைக்கே தேனிக்குக் கொண்டுபோனது பெரிய காரியம்.

வயிற்றில் இருக்கிற பை முதுகில் ஏன் வலிக்கிறது என்பதிலிருந்து வருகிறேன். இது தெளிவாகிவிட்டால் மற்றதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பித்தப்பையிலிருந்து கிளம்பும் வலிச்செய்தி தண்டுவடத்துக்குள் நுழைகிற இடம் நடுமுதுகு. ஏறக்குறைய ஐந்தாவது முதல் ஒன்பதாவது மார்பு நரம்பு வரையுள்ள பகுதி. அதே பகுதிக்குத்தான் வலது முதுகுச் சப்பையைச் சுற்றியுள்ள தோலும் தசையும் செய்தி அனுப்புகின்றன. இரண்டும் ஒரே வாசல் வழியாக வருவதால், எது அனுப்பியது என்று மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. பித்தப்பை வீங்கி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை உரச ஆரம்பித்தால், அதற்குப் போகும் பிரெனிக் நரம்பும் சேர்ந்துகொள்ளும். அது கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாவது நரம்புகளிலிருந்து வருவது. அதனால் வலி தோளின் உச்சியிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் உங்கள் சிகிச்சையில் எப்படிக் குறைந்தது? இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். உள்ளுறுப்பு வலி வந்து இறங்குகிற இடத்தில் தசை உண்மையிலேயே இறுகும். தொட்டால் வலிக்கும், முடிச்சு போலவும் கைக்குப் படும். அங்கே ஒத்தடம் வைத்து, கரண்ட் வைத்து, நீவிவிட்டால் தசை இளகும், வலியும் கொஞ்ச நேரம் அடங்கும். ஆகவே, தொட்டால் வலிக்கிறது என்பதோ, சிகிச்சையில் குறைகிறது என்பதோ, இது தசை வலிதான் என்பதற்குச் சாட்சி ஆகாது. குறைந்தது எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது திரும்ப வருகிறது என்பதுதான் சாட்சி. அன்றன்றைக்குக் குறைந்து, ஒவ்வொரு முறையும் அதே அளவுக்குத் திரும்பிவருகிற வலியை இரண்டு, மூன்று தடவைக்கு மேல் பழைய வழியிலேயே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நிறுத்தி, முதலிலிருந்து கேட்க வேண்டும்.

சதை, மூட்டு வலிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இப்படித் திரும்பினால் வலிக்கும், அப்படி இருந்தால் சுகம். நீங்களே கழுத்து, தோள், நடுமுதுகு, விலா எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்து, “இதேதான், இந்த வலிதான்” என்று அந்த அக்கா சொல்கிற ஒரு அசைவைக் கண்டுபிடிக்க முடியும். பித்தப்பை வலிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. எப்படிப் படுத்தாலும் சரியாக வராது. எழுந்து உட்காருவார், நடப்பார், மறுபடி படுப்பார். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஏறின இடத்திலேயே நிற்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் இருந்துவிட்டு முழுக்க விட்டுப்போகும். மறுநாள் ஒன்றுமே இல்லாதவர் மாதிரி வேலைக்குப் போய்விடுவார். ஆறு மணி நேரத்துக்கு மேலும் விடாமல் இருந்தால் பித்தப்பையே வீங்கிப் புண்ணாகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வலி.

ஒரு எச்சரிக்கை. மூச்சை ஆழமாக இழுத்தால் வலி கூடுகிறது என்பதை வைத்து ‘விலாப் பிடிப்பு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூச்சை இழுக்கும்போது கல்லீரலும் பித்தப்பையும் கீழே இறங்கும். அந்த வலியும் மூச்சோடு கூடும்.

இப்போது கேள்விகள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: பாடம் தெரியாததால் தவறவில்லை, கேட்பதற்குக் கூச்சப்பட்டதால் தவறியிருக்கலாம். முதுகு வலி என்று வந்த ஒரு பெண்ணிடம், அதுவும் வயதில் மூத்தவரிடம், ஒரு இளைஞர் எப்படி மலத்தின் நிறத்தைக் கேட்பது? கஷ்டம்தான். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “அக்கா, முதுகு வலின்னு வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேக்குறதுதான், சில நேரம் வயித்துல உள்ள கோளாறு முதுகுல காட்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதவிக்கு ஒரு பெண் இருந்தால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கூட வந்தவரை உள்ளே கூப்பிடுங்கள். அப்புறம் கேளுங்கள்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிப்பது சுலபம். வலி எந்த நேரம் வருகிறது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்த ராத்திரி, புரோட்டா சால்னா சாப்பிட்ட ராத்திரி, கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் விடியற்காலை என்று ஒரு கணக்கு வெளியே வரும். எண்ணெயும் கொழுப்பும் குடலுக்குள் இறங்கியதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். வாயிலில் கல் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம்தான் வலி. நம் ஊரில் இதற்கு ‘வாயு’ என்று பெயர். “வாயுப் பிடிச்சிருச்சு, பெருங்காயம் போட்டுக் குடிச்சேன், சரியாப் போச்சு” என்பார்கள். பெருங்காயத்தால் போகவில்லை, கல் நகர்ந்ததால் போனது. ஆனால் அதைச் சொல்லி அவர்களோடு வாதாட வேண்டாம். இது எத்தனை மாதமாக, எத்தனை தடவை வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே குமட்டல், ஓங்கரிப்பு, காய்ச்சல், உடம்பில் அரிப்பு உண்டா என்றும் கேளுங்கள்.

பிறகு சிறுநீர். “ஒண்ணுக்கு கட்டஞ்சாயா கலர்ல போகுதா அக்கா?” என்று, அதாவது பால் ஊற்றாத டீ நிறத்திலா என்று, கேட்டால் மலையேறி வேலைக்குப் போகிறவர்களுக்கு உடனே புரியும். பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரில் இறங்கினால் அது அந்த நிறத்துக்கு வரும். குடலுக்குப் பித்தம் போகாததால் மலம் வெளுத்துவிடும். கண் மஞ்சளாவதற்கு முன்னாலேயே சிறுநீர் மாறிவிடுவது உண்டு. அதனால்தான் இதை விடாமல் கேட்கச் சொல்கிறேன். இதில் ஒரு குழப்பமும் இருக்கிறது. காலையில் ஜீப் ஏறுவதிலிருந்து சாயங்காலம் இறங்கும்வரை பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது என்பதுதான் காரணம். அவர்களுக்கு எப்போதுமே மஞ்சளாகத்தான் போகும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்த பிறகும் நிறம் தெளியவில்லையா என்று கேளுங்கள். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது வேறு. ஆனால் அதே காசநோய் மாத்திரைகள் கல்லீரலையும் தாக்கக்கூடியவை. ஆகவே அவர்களுக்குப் பசியே இல்லை, வாந்தி வருகிறது, கண் மங்கலான மஞ்சள் என்றால் அன்றே மாத்திரை கொடுக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

கண்ணைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்களிடம் அந்தப் பெண்கள் வருவது ஜீப் இறங்கிய பிறகு, விளக்கு போட்ட நேரத்தில். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் லேசான காமாலை கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராம் அளவைத் தாண்டினால்தான் கண்ணில் மஞ்சள் படரும், அதுவும் பகல் வெளிச்சத்தில். சந்தேகம் இருந்தால், வேலை இல்லாத நாளில் காலையில் வரச் சொல்லி, வாசலில் நிறுத்திப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் செல்போன் டார்ச்சின் வெள்ளை வெளிச்சம் பரவாயில்லை. கண்ணின் நடுவில் பார்க்காதீர்கள். வெயிலிலேயே வேலை பார்க்கிறவர்களுக்குக் கருவிழியின் ஓரத்தில் பழுப்பாக, மஞ்சளாகச் சின்ன மேடு படிந்திருக்கும், அது காமாலை இல்லை. கீழே பார்க்கச் சொல்லிவிட்டு மேல் இமையைத் தூக்குங்கள். வெயில் படாத அந்த வெள்ளைப் பகுதி உண்மையைச் சொல்லும். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பாருங்கள். உள்ளங்கை மட்டும் மஞ்சளாகி, கண் வெள்ளையாகவே இருந்தால் அது பெரும்பாலும் காரட், பப்பாளி அதிகம் சாப்பிட்டதால் வருவது.

வயிற்றில் கை வைத்துப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, வலது விலாவின் கீழ் ஓரத்தில் விரல்களை மெதுவாக வைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்வது. வீங்கிய பித்தப்பை இறங்கி விரலில் படுகிற அந்தக் கணத்தில் மூச்சு சட்டென்று பாதியில் நிற்கும். மர்ஃபி சோதனை என்று படித்திருப்பீர்கள். சம்மதம் கேட்டு, மெதுவாக, ஒரே ஒருமுறை போதும். மூச்சு நின்றால் அந்த இடத்தை அதற்கு மேல் அழுத்தாதீர்கள். நிற்கவில்லை என்றால் பித்தப்பை நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடவும் வேண்டாம். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது பல நேரம் ஏமாற்றிவிடும்.

கல்லீரல் நோய் வேறு மாதிரி. பித்தப்பை கத்தும், கல்லீரல் பேசவே பேசாது. கல்லீரலின் சதைக்குள் வலி உணர்வு கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலது விலாவுக்கடியில் ஒரு கனம் தெரியும். ஆகவே வலியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் கிடைக்காது. அதே நேரத்தில், கல்லீரல் நோயின் பல அடையாளங்கள் கையில்தான் இருக்கின்றன, நாள் முழுக்க மற்றவர் கையைப் பிடித்துப் பார்க்கிற வேலை நம்முடையது.

என்னிடம் ஒரு ஜீப் டிரைவர் இரண்டு கையும் மரத்துப்போகிறது என்று வந்தார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு நரம்பு அழுந்திவிட்டது என்று அவரே முடிவு செய்திருந்தார். அப்படியும் இருக்கலாம். ஆனால் உள்ளங்கையைத் திருப்பினால் கட்டைவிரல் மேடும் சுண்டுவிரல் மேடும் மட்டும் சிவந்திருந்தன, நடு உள்ளங்கை வெளிறியிருந்தது. நகங்கள் முழுக்க வெளுத்து, நுனியில் மட்டும் ஒரு கோடு போல நிறம். தொடையில் சதை வற்றியிருந்தது, பேன்ட் இடுப்பில் இறுகியிருந்தது. இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். சில விநாடிகளில் கைகள் தானாகத் தொய்ந்து விழுந்து, மறுபடி நிமிர்ந்தன. நடுக்கம் மாதிரி இல்லை, பிடிமானம் விட்டுவிட்டுப் போவது. ராத்திரி தூக்கமில்லை, பகலில் வண்டியிலேயே கண் அசந்துவிடுகிறது என்று மனைவி சொன்னார். கல்லீரல் வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறுவதால் வருவது இது. சிறுநீரகம் செயலிழந்தாலும் மூச்சுக் கோளாறில் கரியமில வாயு தேங்கினாலும் இப்படிக் கை தொய்யும். எதுவாக இருந்தாலும் அவர் மலைப்பாதையில் ஜீப் ஓட்டக்கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டையும் அவர் மனைவியிடம் அழுத்திச் சொல்லி அனுப்பினேன்.

மணிக்கட்டு நரம்புக் கோளாறு ஒரு கையில் வந்தால் வேலையைக் கேளுங்கள். இரண்டு கையிலும் சேர்ந்து வந்தால் உடம்பையும் கேளுங்கள். சர்க்கரை, தைராய்டு இவற்றோடு கல்லீரலையும் அந்தப் பட்டியலில் வையுங்கள். கெண்டைக்கால் சுளுக்கு அடிக்கடி வருவது, கால் வீக்கம், லேசாக இடித்தாலே கன்றிப்போவது, மார்பிலும் தோளிலும் சிலந்தி போல விரியும் சின்னச் சிவப்பு ரத்தக்குழாய்கள், விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி நிற்பது, இவையெல்லாம் அப்படியே. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரணம். இரண்டு, மூன்று சேர்ந்தால் எழுதி அனுப்புங்கள். குடியைப் பற்றியும் கேட்க வேண்டும், ஆனால் குடிக்காதவர்களுக்கும் மஞ்சள் காமாலைக் கிருமியாலும், சர்க்கரையோடு வரும் கொழுப்புக் கல்லீரலாலும் இதே நிலை வரும். “குடிச்சீங்களா?” என்று முதல் கேள்வியாகக் கேட்டால் குடும்பமே வாயை மூடிக்கொள்ளும்.

உங்கள் ஊருக்கென்று ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயலில் சேற்றில் நிற்கிறவர்கள், மழைக்காலத்தில் மலைமேல் ஓடை ஓரம் வேலை பார்க்கிறவர்கள், காய்ச்சலோடு ஆடுதசை வலி என்று வந்தால் நீவிவிடாதீர்கள். எலிக்காய்ச்சலில் ஆடுதசையைத் தொட்டாலே துடிப்பார்கள், கண் சிவந்திருக்கும், பீளை இருக்காது. முற்றினால் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அடிபட்டு மஞ்சள் வந்துவிடும். குமுளிப் பக்கம் இதை எலிப்பனி என்பார்கள். அங்கே மழைக்காலத்தில் சேற்றில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுப்பதுண்டு. உங்களிடம் வருகிறவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று கேட்டாலே அவர் எங்கே நின்று வேலை பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். காய்ச்சல் இல்லாமல் ஒரு கால் ஆடுதசை மட்டும் வீங்கி வலித்தாலும் நீவக்கூடாது, அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

மருந்தையும் கேளுங்கள். மெடிக்கல் கடையில் சொல்லி வாங்குகிற வலி மாத்திரை, மலையாளத்து வைத்தியசாலையில் கொடுத்த கஷாயம், யாரோ சொன்ன சீந்தில் கொடிச் சாறு, எதையும் அவர்கள் மருந்து என்ற கணக்கில் சொல்ல மாட்டார்கள். “வலிக்குன்னு வேற எதாவது குடிக்கிறீங்களா?” என்று தனியாகக் கேட்க வேண்டும். பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போனால் நல்ல கல்லீரலுக்கே ஆபத்து, நோயுள்ள கல்லீரலுக்கு டாக்டர்கள் பொதுவாக 2 கிராமோடு நிறுத்துவார்கள். ஈரல் சுருங்கியவருக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். சீந்திலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இதைத் திட்டாமல் சொல்லுங்கள்.

கீழாநெல்லி விஷயமும் இதுதான். தண்ணீரால் பரவுகிற மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும், அந்தச் சமயத்தில் குடித்த கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்துவிடும். கல் அடைத்து வருகிற காமாலைக்கு அது வழிவிடாது, நாள்தான் போகும். “குடிக்கிறதா இருந்தாலும் முதல்ல ரத்தமும் ஸ்கேனும் பாத்துட்டு வாங்க” என்று சொன்னால் கேட்பார்கள். குடிக்காதே என்று சொன்னால் உங்களிடம் சொல்லாமல் குடிப்பார்கள்.

எதுவரை நாம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கேட்பதற்கும், பார்ப்பதற்கும், எழுதி அனுப்புவதற்கும் தடை ஒன்றும் கிடையாது. ‘உனக்குப் பித்தப்பையில் கல்’ என்று பெயர் வைப்பதும் மாத்திரை சொல்வதும்தான் நம் வேலை அல்ல. அவரிடம், “இந்த வலி நான் அசைச்சுப் பாத்த எதுலயும் வரல அக்கா, அதனால உள்ள ஒருதடவை பாத்துடணும்” என்று சொல்லுங்கள். அது பயமுறுத்தாது, பொய்யும் இல்லை. வாயால் சொல்லி மட்டும் அனுப்பினால் போக மாட்டார்கள், ஒருநாள் கூலி போகும். கையில் ஒரு தாள் கொடுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: ‘வலது முதுகுச் சப்பைக்குக் கீழே இரண்டு வாரமாக வலி. கழுத்து, தோள், நடுமுதுகு, விலா அசைவுகளில் வலி மாறவில்லை. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் ராத்திரியில் வந்து இரண்டு மணி நேரம் நீடிக்கிறது. குமட்டல் உண்டு. காய்ச்சல் இல்லை. பகல் வெளிச்சத்தில் கண் வெள்ளையாக உள்ளது. வயிற்றுப் பகுதியைப் பரிசோதிக்க வேண்டுகிறேன்.’ இதைப் படிக்கிற டாக்டர் அல்ட்ராசவுண்ட் எழுதாமல் இருப்பது அபூர்வம். ஸ்கேனுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய் நின்று, இன்னொரு நாள் கூலியும் போனால் மூன்றாவது தடவை போகவே மாட்டார்கள். மூன்று, நான்கு நாளில் போன் செய்து போனார்களா என்று கேளுங்கள்.

அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாதவை சில. குளிர்காய்ச்சலோடு மஞ்சள், ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாத வலி, பேச்சுத் தடுமாற்றம், ரத்த வாந்தி, கறுப்பாகப் போகும் மலம். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுக் கம்பம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுங்கள். சாப்பிட ஒன்றும் கொடுக்க வேண்டாம். மேல்வயிறும் தோளும் சேர்ந்து வலித்து வியர்த்துக் கொட்டினால் பித்தப்பையை மறந்துவிட்டு முதலில் ஈ.சி.ஜி. மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிற பெண்ணுக்குத் திடீரென்று தோள் உச்சியில் வலியும் மயக்கமும் வந்தால் கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம், அதுவும் அதே அவசரம்.

கல்லீரல் நோய் என்று தெரிந்தவரை நம்மிடம் அனுப்பினால் பயந்து திருப்பி அனுப்பாதீர்கள். அவர்களுக்குச் சதை கரைவதுதான் பெரிய கஷ்டம், அதற்கு உடற்பயிற்சி வேண்டும். புரதத்தைக் குறைக்கச் சொன்னது பழைய காலம். இப்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் சேர்க்கச் சொல்கிறார்கள், ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிடவும் சொல்கிறார்கள். அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கவைக்கக் கூடாது, உணவுக்குழாயில் புடைத்திருக்கும் ரத்தக்குழாய் வெடிக்கலாம். அழுத்தி நீவுவது, கப்பிங், ஊசி குத்துவது வேண்டவே வேண்டாம், ரத்தம் உறையாது. வயிற்றில் நீர் இருந்தால் மல்லாக்கப் படுக்கவைக்காமல் சாய்த்து உட்காரவையுங்கள். நீங்களும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று.

அந்த அக்கா ஆபரேஷன் முடிந்து வருவார். லேப்ரோஸ்கோபி என்றால் வயிற்றுக்குள் கரியமில வாயு ஏற்றித்தான் செய்வார்கள். அது உதரவிதானத்தை உறுத்துவதால் முதல் இரண்டு, மூன்று நாள் மறுபடி தோள் உச்சியில் வலிக்கும். பழைய வலியே திரும்ப வந்துவிட்டது என்று அவர் அழக்கூடும், வீட்டுக்காரருக்கும் பயம் வரும். இப்படி வரும், தானாகப் போய்விடும் என்று ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு பேரிடமும் சொல்லிவையுங்கள். எழுந்து நடந்தால் சீக்கிரம் குறையும். ஆழமாக மூச்சு விடும் பயிற்சியும், தையலில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுவதும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால் நல்லது. வலி நாளாக ஆகக் கூடினாலோ, காய்ச்சலோ மஞ்சளோ திரும்பினாலோ, வயிறு உப்பினாலோ பித்தம் உள்ளே கசியலாம். உங்களிடம் வரவிடாமல் நேரே ஆபரேஷன் செய்த இடத்துக்கு அனுப்புங்கள்.

வீட்டு வேலைகளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம். ஏலக்காய் மூட்டை தூக்குவதும் மேட்டில் ஏறி இறங்குவதும் நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து, அறுவை மருத்துவர் சரி என்ற பிறகு. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். சீக்கிரம் போகவில்லை என்றால் ஜீப்பில் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற கவலை அவருக்கு இருக்கும். அதனால் கங்காணியிடம் காட்டுவதற்கு மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர் வரும்போது பழைய கேஸ் ஷீட்டில் தொடர்ந்து எழுதாமல் புதிதாக ஒன்று போடுங்கள். பித்தப்பை போன பிறகும் முதுகில் வலி மிச்சமிருந்தால், அது உண்மையிலேயே குனிந்து சரம் பார்த்துக் காய் எடுத்ததால் வந்ததாக இருக்கலாம். இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும். கழுத்திலிருந்து மறுபடி அசைத்துப் பாருங்கள், எந்த அசைவில் வருகிறது என்று கேளுங்கள், சாப்பாட்டையும் சிறுநீரையும் மறுபடி கேளுங்கள். வீட்டுக்காரரும் கூட வந்தால், அவரையும் உள்ளே உட்காரவைத்துக்கொண்டே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா